சியோலுக்கு எத்தனை மணி நேரம்?

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொரியா ஒன்றும் புதிதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்ததிலிருந்து, கடைத்தெருவில் கொரிய எழுத்துப் பலகைகளைப் பார்த்துப் பழகிவிட்டோம். இப்போது நம் பிள்ளைகளும் வேலை, பயிற்சி என்று அங்கே போகிறார்கள். பின்னாலேயே மனைவியும் கைக்குழந்தையோடு கிளம்புகிறாள்.

என் பெண்ணும் அப்படித்தான் எட்டு மாதக் குழந்தையுடன் தனியே புறப்பட்டாள். "ஏழு மணி நேரம்தாம்மா. இரண்டு வேளைக் கஞ்சிமாவு போதும்" என்றாள். சென்னையிலிருந்து சியோலின் இஞ்சியோன் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 5,300 கிலோமீட்டர். நேராகப் பறந்தால் அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளுடைய டிக்கெட் சிங்கப்பூரில் விமானம் மாறும் டிக்கெட்! சிங்கப்பூர் வரை 2,900, அங்கிருந்து 4,600. ஆக 7,500 கிலோமீட்டர்.

டிக்கெட்டில் இரவு 11 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் மாலை 4.20-க்கு வருகை என்று இருந்தது. இது அந்தந்த ஊர் நேரம். கொரியக் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி முந்தியது. அதைக் கழித்தால் 13 மணி 50 நிமிஷம். திரும்பி வரும்போது இதே மூன்றரையைக் கூட்ட வேண்டும்.

அதோடு முடிந்ததா? மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். லாரி நெரிசலில் அங்கே போய்ச்சேர ஒரு மணிக்கு மேல். இறங்கியபின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி, வீடு போக இன்னும் இரண்டு மணி. ஆக இருபது மணி நேரத்துக்கு மேல்! மூன்று மணிக்கு ஒருதரம் பசிக்கும் குழந்தைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு எப்படிப் போதும், சொல்லுங்கள்?

நாங்கள் செய்த ஏற்பாடுகள் இவை:

கஞ்சிமாவை வேளைக்கு ஒரு பொட்டலமாக எட்டு கட்டினோம். கரைத்து எடுத்துப்போனால் கெட்டுவிடும். விமானப் பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்டால் தருவார்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் குழந்தையின் பால், உணவுக்கு விலக்கு உண்டு. சோதனையில் தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விலகும். தொட்டில் வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும். மருந்து, மாற்றுத்துணி, துடைக்கும் துணி எல்லாம் கைப்பையில்தான். பெட்டியில் போட்டால் நடுவழியில் கிடைக்காது.

தாயும் தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து, அவ்வப்போது எழுந்து நடந்து, கணுக்காலை மடக்கி நீட்ட வேண்டும். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையக்கூடும். பிரசவமாகி ஓரிரு மாதமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும்.

எட்டுப் பொட்டலத்தில் ஏழு செலவாயிற்று. போய்ச்சேர்ந்தபின் குழந்தை தூக்கம் மாறி மூன்று நாள் படுத்தியது. காலை வெயில் காட்டியதில் சரியாயிற்று.

உங்கள் வீட்டுப் பெண் எங்கே கிளம்பினாலும், கிலோமீட்டரைப் பார்த்துப் பை கட்டாதீர்கள். நம் வாசற்படியில் தொடங்கி, அந்த ஊர் வாசற்படி வரை மணிக்கணக்குப் போடுங்கள்.