இரண்டாம் படிக்கட்டு

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நெடிது நீண்டவை. அவற்றுட் பலவற்றில் மாடிக்கு ஏற மரப்படி ஒன்றே உண்டு. கீழே கடையும் மேலே ஒரு குடும்பமும் இருந்த நாளில் அது போதுமெனத் தோன்றியது. இன்றோ அத்தகைய மாடிகளில் தங்கும் விடுதிகளும் தனிப்பயிற்சி வகுப்புகளும் இயங்குகின்றன.

தீ விபத்துகளில் உயிர் பறிப்பது பெரும்பாலும் தழலன்று, புகையே. சூடேறிய புகை மேல்நோக்கி எழும். திறந்த படிக்கட்டு அதற்குப் புகைபோக்கி ஆகிவிடும். மக்கள் இறங்கவேண்டிய வழியிலேயே புகை ஏறி வருகிறது. இதனாலேயே மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைச்சட்டங்கள், மேல்தளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான இரு படிக்கட்டுகளேனும் வேண்டும் என்கின்றன. உயரம் குறைந்த கட்டடங்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்குண்டு. அகலம் பற்றிய விதி இன்னும் நுட்பமானது: ஒரு படிக்கட்டு பயன்படாமற் போனாலும் எஞ்சியவை அத்தளத்தார் அனைவருக்கும் போதுமானவையாக இருத்தல் வேண்டும். ஒரு வழி அடைபடும் என்று எண்ணியே சட்டம் கணக்கிடுகிறது.

2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூரில் சமயப் பள்ளி விடுதியொன்று தீப்பற்றி 23 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். தீ எவ்வாறு மூண்டது என்பது வேறு செய்தி. வரைபடத்தின்படி மேல்தளத்திலிருந்து இரு படிக்கட்டுகளையும் அடையலாம். இடையே எழுப்பப்பட்ட சுவரொன்று இரண்டாவதற்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டது என அப்போதைய அமைச்சர் தெரிவித்தார். சன்னல்களிலோ இரும்புக் கம்பிகள். தமிழகத்தின் கும்பகோணத்தில் 2004 சூலை 16 அன்று 94 பள்ளிக் குழந்தைகளைப் பலிகொண்ட தீயிலும், மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டு குறுகலாக இருந்தது.

படியின் அளவையும் சட்டம் வரையறுக்கிறது. ஏற்றம் 180 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது. மிதி 255 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அளவு எதுவாயினும் எல்லாப் படிகளும் ஒத்திருத்தல் வேண்டும். இருளில் இறங்கும் கால் முதற் சில படிகளிலேயே அளவைக் கற்றுக்கொள்ளும். பின்னர் ஒரு படி மாறினாலும் இடறும். நெரிசலில் ஒருவர் வீழ்ந்தால் வழியே அடைபடும். வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறத்தல் வேண்டும் என்பதும் விதி. திருடருக்கு அஞ்சிப் பூட்டுத் தொங்கவிடுவோர் இதைத்தான் முதலில் மீறுகின்றனர். (‘கெலுவார்’ என்னும் வழிகாட்டிச் சொல்லின் எழுத்துயரத்தைக் கூட இச்சட்டம் விட்டுவைக்கவில்லை என்பது மொழி ஆர்வலர்க்குச் சுவையளிக்கும்.)

2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி பெற்ற இந்நகரில், பழைய சுவரை இடித்துப் புதுப்படி அமைப்பது எளிதன்று. பின்சந்து உள்ள வீடுகளுக்கு வெளிப்புற இரும்புப் படியை உரிய இசைவுடன் அமைக்க முயலலாம். அதற்கும் வழியில்லாத வீடுகளில், வகுப்புகளைக் கீழ்த்தளத்திலேயே நடத்துவது தகும் என்பது எம் கருத்து.