ஐப்பசியில் தொடங்கும் ஆண்டு

நாங்குநேரி வட்டாரத்தில் காட்டுயிர்களுக்கு ஆண்டு பிறப்பது ஐப்பசியில்தான். தமிழ்நாட்டின் மொத்த மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு அந்த மூன்று மாதம்தான் பிழைப்பு. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வரும். மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு, எங்களுக்கு வெறும் காற்றாக வந்து சேரும். ஜூனில் மழை, ஜூலையில் கூடு, ஆகஸ்டில் குஞ்சு என்று வட இந்தியாவைப் பார்த்து எழுதிய பருவக் கணக்கு இங்கே பல இடங்களில் இடறுகிறது. அந்தந்த ஊரில் குடியிருப்பவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைப்பதுதான் அந்தக் கணக்கைத் திருத்தும் வழி. பல ஆண்டுகளாக நான் அப்படி எழுதி வருகிறேன். என் வீட்டு வளவுக்குள் வருகிற ஒவ்வொரு உயிரும் வெவ்வேறு கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது என்பதை அந்தக் குறிப்புகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தன.

மழையைப் பார்த்து நடப்பவற்றில் முதலில் வருவது ஈசல். கனமழை பெய்து வெறித்த மாலையில் வேலைக்காரக் கறையான்கள் புற்றில் சிறு சிறு வாசல்களைத் திறந்துவிடும். காவல் கறையான்கள் சுற்றி நிற்க, இறகு முளைத்த ஆண்களும் பெண்களும் அவற்றின் வழியே கிளம்பும். ஒரு வட்டாரத்துப் புற்றுகள் பலவும் ஒரே மாலையில் திறப்பதற்குக் காரணம் உண்டு. வேற்றுப் புற்றிலிருந்து துணை தேடிக்கொள்ளலாம். தின்ன வருபவர்களின் வயிறு நிறைந்த பிறகும் சில மிஞ்சும். இறகை உதிர்த்துவிட்டு ஜோடியாக மண்ணுக்குள் இறங்கவும் ஈரம் வேண்டும். அந்த மாலை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, யார் யார் எந்த வரிசையில் வருகிறார்கள் என்று பார்ப்பது பெரும் பாடம். மின்கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடிக்கும் கரிச்சான். தரையில் நடந்தே பொறுக்கும் மைனாவும் காகமும். இருட்டியபின் விளக்கடியில் தேரை, சுவரில் பல்லி, வேம்பின் பொந்திலிருந்து இறங்கி வரும் புள்ளி ஆந்தை.

அன்று இரவே தவளைகள் தொடங்கிவிடும். வயல்காட்டில் ஆண்டு முழுக்கப் பாசி நிறத்தில் பதுங்கிக் கிடக்கும் பெருந்தவளையின் ஆண், இந்தச் சில நாட்களுக்கு மட்டும் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்ப, தேங்கிய மழைநீரில் நின்று கத்தும். குளம் நிரம்பி நிற்கும்போதும் அவை பள்ளத்து நீரைத் தேடுவது ஏன்? நேற்றுத் தேங்கிய நீரில் மீன் இருக்காது. முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்ன ஆள் இல்லை. ஆனால் நீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தாக வேண்டும். அதனால்தான் முதல் மழையிலேயே அத்தனை அவசரம்.

மழைக்குக் காத்திராமல் வந்து சேர்பவையும் உண்டு. சோளக்குருவிகள் ஆவணி, புரட்டாசியிலேயே நடு ஆசியாவிலிருந்து வந்து இறங்கும். உடைமரங்களில் அடைவதற்கு முன் அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து வானத்தில் சுருண்டு விரிவதை நெல்லைச் சீமையில் பார்க்காதவர் குறைவு. அவற்றின் உறவான ஐரோப்பிய மைனாக்களை ரோம் நகரில் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்குத் தலைவன் தேவையில்லை.

பிறகு ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, வாலடியில் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு நேரங்களில் பறந்து தெற்கே வரும். களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலோ மாட்டுத் தொழுவத்திலோ விழுந்து கிடப்பதும், காகங்கள் அதைச் சூழ்ந்துகொள்வதும் ஐப்பசியில் நடப்பவை. அப்படிக் கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்திருந்து, பொழுது சாயும்போது புதர் ஓரமாக விட்டுவிட வேண்டும். ஆசைக்கு வளர்க்க நினைப்பது பறவைக்குக் கேடு. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். ஒரு வாரம் தங்கித் தெளிந்துவிட்டால் விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கத் தொடங்கும். பங்குனி வாக்கில் ஒருநாள் அது நின்றுவிடும்.

வருவதற்கும் போவதற்கும் இவற்றுக்கு யார் நாள் குறிக்கிறார்கள்? பெரும்பாலும் பகலின் நீளம். பறவை அதைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் பெனுவா, பார்வையிழந்த வாத்துகளும் பகல் நீளும்போது இனப்பெருக்கத்துக்குத் தயாராவதை 1930-களில் காட்டினார். மண்டை ஓட்டை ஊடுருவும் ஒளியை மூளையின் உட்பகுதியே உணர்கிறது. ஜெர்மானியரான எபர்ஹார்ட் க்வின்னர் இன்னொன்றைக் கண்டார். பகலும் இரவும் மாறாத அறையில் வளர்த்தாலும், வலசைக் குருவிகள் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் இறகு உதிர்த்து, கொழுப்பேறி, பயணத்துக்குத் தவித்தன. உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது.

சரி, ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் பறவைகளுக்கு? லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். திருநெல்வேலியில் ஒரு மணி நேரம்தான். இத்தனை சிறு மாற்றம் ஒரு குருவிக்குத் தெரியுமா என்று வெகுகாலம் சந்தேகம் இருந்தது. 1998-இல் மிகேலா ஹாவும் அவருடைய குழுவினரும் பனாமா காட்டில் எறும்புப் படைகளின் பின்னே சென்று பூச்சி பிடிக்கும் ஒரு குருவியை ஆராய்ந்தார்கள். பகல் 17 நிமிடம் கூடினாலே அதன் உடல் இனப்பெருக்கத்துக்கு மாறத் தொடங்கியது, பாட்டும் கூடியது. பனாமா காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அவ்வளவு தொலைவில்தான் எங்கள் ஊரும் இருக்கிறது. தை பிறந்தபின் குண்டுக்கரிச்சான் பாட்டைக் கூட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் அந்த 17 நிமிடம் என் நினைவுக்கு வரும்.

ஆனாலும் பகலின் நீளம் உடம்பைத் தயார் செய்யுமே தவிர, கூடு கட்டக் கச்சாப்பொருள் தராது. அதற்குத் தூக்கணாங்குருவியைப் பார்க்க வேண்டும். நெற்பயிரோ நீளமான புல்லோ வளர்ந்து, கிழித்தெடுக்கும் பருவத்தில் நார் பச்சையாக இருந்தால்தான் அதனால் முடைய முடியும். ஒரு கூட்டுக்குச் சுமார் 18 நாள். சில நூறு நடை. ஆண்தான் கட்டும். பாதி கட்டி, கவிழ்த்த சட்டி வடிவில் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே அமர்ந்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால் தங்கும். தங்கினால் மீதியைக் கட்டி முடித்துவிட்டு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இந்தக் குடும்ப வாழ்க்கையைத் தெளிவாக விளக்கியவர் சாலிம் அலி. 1930-இல் ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பியவருக்கு, பம்பாயில் அவர் பார்த்துவந்த வேலை இல்லாமல் போயிருந்தது. கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கியவர், வீட்டருகே இருந்த தூக்கணாங்குருவிக் குடியிருப்பை நாள்தோறும் உட்கார்ந்து பார்த்தார். 1931-இல் வெளியான அவருடைய கட்டுரை அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஆய்வுக்கூடமோ கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. வீட்டருகே கிடைப்பது இரண்டாந்தர அறிவியல் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இந்தக் கூடுகளில் நம் ஊரில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. அவை பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் தொங்கும். தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்பதே காரணம் என்று கருதப்படுகிறது. கிணற்றடிப் பனைகளில் ஓலைவாரியாக எண்ணிப் பாருங்கள். கூட்டின் நார் பச்சையாகத் தெரிந்த மாதத்தையும் குறித்து வையுங்கள். வடகிழக்கு மழையை நம்பிய ஊரும் தென்மேற்குச் சாரல் நனைக்கும் தென்காசிப் பக்கமும் எங்கே வேறுபடுகின்றன என்பது அந்தத் தேதிகளில் தெரியவரும்.

மார்கழி, தையில் கூந்தன்குளம் எங்கள் வட்டாரத்தின் மையமாகிவிடும். மழைநீரும் மணிமுத்தாறு அணையின் தண்ணீரும் சேர்ந்து குளம் நிறைந்து, மீன் பெருகும் சமயம் பார்த்துக் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு வைக்கும். காட்டுக்குள் போகாமல், ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே வைக்கும். குஞ்சுகளின் இரைச்சலையும் எச்சத்தின் நாற்றத்தையும் ஊரார் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பறவை வந்தால் மழையும் விளைச்சலும் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை; எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். 1994-இல் அரசு சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்துக்கு மேலே 7,000 மீட்டர் உயரத்தையும் தாண்டிப் பறப்பதாகப் பதிவான வரித்தலை வாத்தும் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது.

பிசான நெல் அறுவடை முடிந்த வயலில் எலி வேட்டை நடக்கும். வரப்பு எலி வளைக்குள் கதிரைச் சேர்த்து வைத்திருக்க, அதைத் தேடிச் சாரை, கீரி, இரவில் காட்டுப்பூனை, கூகை. வரப்பில் இரண்டு பாம்புகள் எழுந்து பிணைந்து நிற்பதைக் கண்டு, சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்பார்கள். இரண்டும் சாரைதான், பல சமயம் இரண்டுமே ஆண்கள், பலம் பார்த்துக்கொள்கின்றன. வயலில் எலியைக் குறைக்கும் உயிர் அது. அடித்துக் கொல்லாமல் ஒதுங்கி நின்று பாருங்கள்.

பங்குனி, சித்திரையில் குயில். அது எங்கிருந்தோ வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆண்டு முழுக்க இங்கேயே பழம் தின்றுகொண்டு, வாய் திறக்காமல் இருக்கும் பறவை அது. அதன் கடிகாரம் காகம். காகம் கூடு வைத்து முட்டையிடத் தொடங்கினால்தான் குயிலுக்கு வேலை. கறுப்பு ஆண் கூவிக்கொண்டு காகங்களின் கவனத்தை இழுக்க, புள்ளி போட்ட பெண் கூட்டுக்குள் நுழைந்து முட்டையிடுவதைச் சிலர் கண்டிருக்கிறார்கள். காக முட்டை பொரிக்க 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள். முந்திப் பிறந்த குஞ்சு முதல் இரையை வாங்கிக்கொள்கிறது. காகக் குஞ்சுகளைத் தள்ளிவிடாமல் அவற்றோடு சேர்ந்து வளர்வதும் உண்டு. குயில் கூவிய முதல் நாளையும், காகம் குச்சி பொறுக்கிய முதல் நாளையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதி வந்தால் இந்த உறவு உங்கள் கையெழுத்திலேயே விளங்கும். திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் இப்படிப்பட்ட சாதாரண உயிர்களைப் பற்றியே 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் எழுதி வந்தார். காகத்தையும் அணிலையும் ஓணானையும் யானைக்குச் சமமாக மதித்துப் பார்த்தவர் அவர்.

காற்றுக் காலத்தில் வளவு சற்று அடங்கியிருக்கும். பனம்பழம் விழும் ஆவணியில் மரநாய் ஓட்டுக்கூரை மேல் விதைகள் நிறைந்த எச்சத்தை விட்டுப் போவது, ஆள் கண்ணில் படாத அந்த விலங்கின் வருகைப் பதிவு. மயில் மட்டும் எல்லாப் பருவத்திலும் இருக்கிறது; முளைவிட்ட பயறைக் கிளறித் தின்பதால் மானாவாரி விவசாயி படும் பாட்டையும் நான் மறைக்க விரும்பவில்லை. பார்க்க அழகாக இருப்பதால் மட்டும் அந்த நட்டம் நட்டமில்லை என்றாகிவிடாது. ஆனால் மயில் எங்கே, எவ்வளவு பெருகியது என்று பேசவும் குறிப்பு வேண்டும். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்மயில் தோகையை உதிர்க்கும்; அந்த இறகு முதலில் கிடைத்த தேதி உங்கள் ஊர் மயில்களின் பருவம் முடிந்ததற்குச் சான்று.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகள் அதற்கு அடிப்படை. குயிலும் மயிலும் பெருகி வருவதையும், வேறு பல இனங்கள் குறைந்து வருவதையும் அவர்கள் எழுதி வைத்ததால்தான் நாடு அறிந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். பட்டணத்திலிருந்து பதிபவர்கள் நிறையப் பேர். மானாவாரிக் கிராமங்களிலிருந்து பதிபவர்கள் மிகச் சிலர். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.