பொருந்தாத ரத்தம்

என் தம்பிக்கு தலசீமியா மேஜர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அம்மாவும் அப்பாவும் அவனைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறும் நாளில், நான் அம்மாயி வீட்டுக்குப் போய்விடுவேன். யாரும் சொல்ல வேண்டியதில்லை. யூனிஃபார்மை நானே பையில் எடுத்து வைத்துக்கொள்வேன். "புள்ளன்னா இவதான், ஒரு தொந்தரவும் கிடையாது" என்று தெருவே மெச்சும்.

ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்புச்சத்தும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வெளியேற்றாவிட்டால் இதயத்தையும் கல்லீரலையும் கெடுத்துவிடும். இன்றைக்கு அதற்கு மாத்திரை வந்துவிட்டது. அன்றைக்கு டெஸ்ஃபரால் மருந்தை வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி செருகி, சின்ன பம்ப் மூலம் எட்டு, பத்து மணி நேரம் ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்தாறு ராத்திரி. அந்த பம்ப் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடும். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்து போய், டியூப் தம்பியின் இடுப்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று இருட்டில் தடவிப் பார்ப்பேன். எனக்கு அப்போது 10 வயது.

அடுத்த வருடம் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக ஒரு வெளியூர் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எதற்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று டாக்டர் அப்பாவைப் பார்த்து, "பொண்ணோடது பொருந்தல" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தாள். என்னுடையது கெட்ட ரத்தம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். தம்பிக்கு மட்டும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தபோது பொறாமைப்பட்டேனே, அதனால்தான் என்றும் தோன்றியது.

இரண்டு வருடம் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருமுறை நானும் அவர்களோடு சேலம் போனபோது, ரத்த வங்கியில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம்தான் கடைசியில் கேட்டேன். அவர் எங்கள் பஸ் டிக்கெட்டுகள் நாலை வாங்கி மேஜைமேல் வைத்தார். "இது ரெண்டும் அப்பாவோடது, இது ரெண்டும் அம்மாவோடது. ஒவ்வொரு புள்ளைக்கும் அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. தம்பி எடுத்த அதே ரெண்டையும் நீயும் எடுத்திருந்தாத்தான் பொருந்தும். நாலுல ஒரு வாய்ப்பு. இதுல உன் தப்பு எங்கடா கண்ணு இருக்கு?" அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நோயாளிக் குழந்தைகளோடு பிறந்தவர்களைப் பற்றிய 51 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஷார்ப், ராசிட்டர் என்ற இருவர் 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதிப்பு பெரிதல்ல, ஆனால் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அது அடம், சண்டை என்று வெளியே வருவதைவிட, கவலையாகவும் சோர்வாகவும் உள்ளே தங்குவதுதான் அதிகம். அன்றாட வாழ்க்கையையே பிடித்துக்கொள்கிற சிகிச்சை உள்ள வீடுகளில் பாதிப்பு கூடுதல். படித்தபோது எனக்கு அந்த பம்ப் சத்தம்தான் கேட்டது.

எங்களைப் போன்றவர்களிடம் பொறுப்பும் இரக்கமும் சீக்கிரம் வந்துவிடுகின்றன, உண்மைதான். ஆனால் "தொந்தரவே இல்லாத பிள்ளை" என்பதை மனஉறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை கேள்விகளை விழுங்கிக்கொண்டிருக்கலாம். என்னைத் தூக்கி நிறுத்தியது பாராட்டு இல்லை. நாலு டிக்கெட்டும் பத்து நிமிடமும். அமெரிக்காவில் டான் மேயர் என்பவர் இப்படிப்பட்ட உடன்பிறப்புகளுக்காகவே 'சிப்ஷாப்' என்ற கூடுகைகளைத் தொடங்கினார். விளையாட்டு, சாப்பாடு, நடுநடுவே பேச்சு. தன்னைப் போல இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று அங்கே போனால் தெரியும். எனக்குத் தெரிய 25 வயதாயிற்று.

இப்போது நான் பள்ளி ஆசிரியை. தம்பி கடை வைத்திருக்கிறான். இன்னும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போகிறான். போன மாதம் என் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சாப்பாட்டு மணிக்குப் பிறகும் வகுப்பிலேயே நின்றாள். தங்கைக்கு டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி.

"எனக்கும் வருமா மிஸ்?"

வராது என்று சொல்லிவிடலாம்தான். நான் சொல்லவில்லை. "உன்னை மாதிரி கூடப்பிறந்தவங்க நூறு பேர்ல ஏறக்குறைய அஞ்சு பேருக்கு வரலாம். மத்தவங்களுக்கு வராது" என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"இதை அம்மாகிட்ட கேட்டா அழுவாங்களா மிஸ்?"

"அழுதா அழட்டும், கேளு. சாயந்திரம் நானும் கூட வரேன்" என்றேன்.