சாதி கேட்காத இயந்திரம்



இலக்கிய மேடையில் மருத்துவமனைக் கணினியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். நோயாளியின் உடலைப் பற்றி மருத்துவமனையில் எழுதி வைப்பதும் ஓர் எழுத்துதான். யார் எழுதுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டுத்தான் நம் இலக்கியமே பிறந்தது. இன்று அந்தக் குறிப்புகளைப் படித்து, யாரை முதலில் கவனிப்பது, யார் காத்திருக்கலாம் என்று சொல்லும் வேலை மெல்ல மெல்ல மென்பொருளின் கைக்குப் போகிறது. அதனால் அங்கேயும் நாம் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

‘மனிதருக்குத்தான் சாதி தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது’ என்று நம் பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய முடியாது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவம் பற்றி ஆய்வாளர் சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோயைப் பார்க்கும்போதும் மருந்து கொடுக்கும்போதும் குழந்தையைத் தொடாமல் இருப்பதில்தான் பாகுபாடு மிகுதியாக வெளிப்பட்டதாக அதில் பதிவு செய்தார். கையில் படாமல் மாத்திரையைப் போடும் மனிதரைவிட, முகம் சுளிக்காத கருவி மேல் என்று நினைப்பது இயல்பே.

ஆனால் முகம் சுளிக்காத கருவி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று இருக்கிறது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓபர்மேயரும் மூன்று ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்குள்ள மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பரவலாகப் பயன்படுத்திய ஒரு மென்பொருளைப் பற்றியது அது. நாள்பட்ட நோய் உள்ளவர்களில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று ஒவ்வொருவருக்கும் அது ஒரு மதிப்பெண் போடும். அதற்குக் கொடுத்த தகவல்களில் இனம் என்ற கட்டமே இல்லை. கறுப்பரா வெள்ளையரா என்று அது கேட்கவில்லை. ஆனாலும் ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட அதிக நோயுற்றவராக இருந்தார். கூடுதல் கவனிப்புக்குத் தானாகத் தேர்வானவர்களில் கறுப்பினத்தவர் 17.7 விழுக்காடு. நோயின் கடுமையை மட்டும் பார்த்திருந்தால் அது 46.5 விழுக்காடாக இருந்திருக்கும்.

எப்படி நடந்தது? அந்த மென்பொருளிடம் ‘யாருக்கு நோய் அதிகம்’ என்று கேட்கவில்லை. ‘அடுத்த ஆண்டு யாருக்கு மருத்துவச் செலவு அதிகமாகும்’ என்று கேட்டார்கள். நோயை அளப்பது கடினம், செலவுக்கு ரசீது இருக்கிறது. ஆகவே நோயின் இடத்தில் செலவை வைத்தார்கள். ஒரே அளவு நோயிருந்தும் கறுப்பின நோயாளிக்காகச் செலவான தொகை ஆண்டுக்குச் சுமார் 1,800 டாலர் குறைவு. மருத்துவமனைக்குப் போக வசதியில்லை, போனாலும் முழுச் சிகிச்சை கிடைப்பதில்லை, 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்த வரலாறு மனதில் இருப்பதால் நம்பிக்கையும் இல்லை. இத்தனையும் சேர்ந்து கணக்கில் ‘குறைந்த செலவு’ ஆனது. குறைந்த செலவை மென்பொருள் ‘நல்ல உடல்நலம்’ என்று வாசித்தது. மறுக்கப்பட்ட சிகிச்சை, தேவைப்படாத சிகிச்சையாக மாறிவிட்டது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒருநாள் கூலி போய்விடுமே என்று இருமலோடு வயலுக்குப் போகிற பெண் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை. மலக்குழியில் இறங்குகிறவரின் மூச்சுத்திணறல் மருந்துக்கடை மாத்திரையோடு முடிகிறது. காப்பீட்டுக் கோரிக்கைகளையும் மருத்துவமனை வருகைகளையும் வைத்து நாளை ஒரு மென்பொருளைப் பழக்கினால், இவர்கள் அதற்கு ஆரோக்கியமானவர்களாகத் தெரிவார்கள்.

அப்படியானால் கட்டத்தைச் சேர்த்துவிட்டால் போதுமா? இங்கேதான் சிக்கல். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்திலுள்ள கிரியாட்டினினை வைத்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடுவார்கள். 2009இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது. வெள்ளையருக்கு 20 என்று வரும் இடத்தில் கறுப்பினத்தவருக்கு 23 வரும். 20ஆகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு நாள் எண்ணத் தொடங்கும் என்பதால், காகிதத்தில் மட்டும் நன்றாயிருந்த சிறுநீரகத்தோடு பலர் வரிசைக்கு வெளியே நின்றார்கள். 2021இல் இனத்தை நீக்கிய சூத்திரம் வந்தது. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் கதையும் உண்டு. ஆபத்தான ஆக்ஸிஜன் குறைவை அது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் காட்டினார்கள்.

ஓரிடத்தில் இனத்தைக் கேட்காததால் அநீதி மறைந்துகொண்டது. இன்னோரிடத்தில் கேட்டதே அநீதியாயிற்று. ஆகவே சாதிக் கட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஒற்றை வரியில் நம் இயக்கங்கள் நிலைப்பாடு எடுக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம். எதற்காகக் கேட்கிறார்கள், யார் கண்ணில் படும் என்பதுதான் முக்கியம்.

இந்தியாவில் சாதியைக் கேட்காமலேயே அறிய வழிகள் ஏராளம். முகவரி போதும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்கு என்ன காரணம்? அந்தச் சொல் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோட்டைத் தபால் உறையில் எழுதிக் காட்டியது. சொல்லை நீக்கலாம். தெருவும் அஞ்சல் குறியீடும் தொழிலும் ரத்தசோகை அளவும் சேர்ந்து அதே கோட்டை வரைந்துவிடும். மென்பொருளுக்குச் சாதி என்ற சொல் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

மறுபக்கம், சாதி கேட்கப்பட்டதால் தெரியவந்த உண்மைகளும் உண்டு. தலித் பெண்களின் சராசரி மரண வயது 39.5, உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களுடையது 54.1 என்ற கணக்கை ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை எடுத்துக்காட்டியது. (இது இறந்தவர்களின் சராசரி வயது. பிறக்கும்போதுள்ள ஆயுள் எதிர்பார்ப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.) கணக்கெடுப்பில் சாதி இல்லாதிருந்தால் அந்த 14.6 ஆண்டுகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நாம் கருவிகளுக்கு எதிரிகள் அல்லர். மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் காசநோய் அறிகுறியைச் சொல்லும் மென்பொருளை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடம் நோயைக் கண்டறியும் முதற்கட்டச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. படம் பார்க்கும் மருத்துவர் எட்டாத சேரிக்கு ஒரு வண்டியில் அந்தக் கருவி வந்தால் நல்லதுதான். காசநோய் யாரை அதிகம் தின்கிறது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் வரும் கருவி யாருடைய நெஞ்சுகளைப் பார்த்துப் பழகியது? பஞ்சாலையிலும் கல்குவாரியிலும் தூசு தின்ற நுரையீரல்கள் அதில் உண்டா? இது தொழில்நுட்ப நிபுணர்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடெங்கும் தொடங்கி, 14 இலக்கச் சுகாதார எண் வழங்கப்பட்டு வருகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தானே பயன்படுத்தும் கைபேசி இருந்த பெண்கள் 54 விழுக்காட்டினரே. மீதிப் பேரின் ‘சம்மதம்’ யாருடைய விரலால் அழுத்தப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

மருத்துவரின் திரையில் நோயாளியின் சாதி தெரியக் கூடாது. கருவியின் தவறுகளைச் சோதிக்கும் தணிக்கையில் அது கட்டாயம் இருக்க வேண்டும், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு. எத்தனை தலித், பழங்குடி நோயாளிகளை இந்தக் கருவி தவறவிட்டது என்ற எண்ணை வெளியிடாத எந்த மென்பொருளையும் அரசு மருத்துவமனைகள் வாங்கக் கூடாது. சமூகவியலும் புள்ளியியலும் கணினியும் படிக்கிற மாணவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்த மென்பொருள் ஓடுகிறது, எதை வைத்து அதைச் சோதித்தார்கள், சோதனை அறிக்கை எங்கே என்று மூன்று கேள்விகள் எழுதித் தகவல் உரிமைச் சட்டத்தில் அனுப்பப் பத்து ரூபாய்தான் கட்டணம். வருகிற பதில்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.