மெயில் ஃபில்டரும் முகவரிப் புத்தகமும் எங்கே இருக்கணும்?

இன்னைக்கு எபிசோடில் யாரும் பெருசா கண்டுக்காத ரெண்டு விஷயத்தைப் பத்திப் பேசப்போறோம்: மெயில் ஃபில்டர், முகவரிப் புத்தகம். மதுரையில் சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மெயில் அமைச்சுக் கொடுக்கிறது என் வேலை. "பில்லுக்கான பணம் வேற யார் கணக்குக்கோ போயிடுச்சு", "கணக்குப்பிள்ளை வேலையை விட்டதிலிருந்து ஒரு பார்ட்டி முகவரியும் கிடைக்கல" என்று வர்ற புகார்களைத் தோண்டிப் பார்த்தா, பல நேரம் அடியில் இந்த ரெண்டில் ஒண்ணு இருக்கும். நான் சொல்லப்போறது இதுதான்: ரெண்டும் சர்வரில் இருக்கணும். அப்படி இருந்தா மட்டும் போதாது, ஒருத்தர் அதை மாசா மாசம் திறந்து பார்க்கணும்.

எங்கே பிரிக்கிறோம்?

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சரக்கு இறங்கும்போதே தரம் பிரிச்சா எல்லாக் கடைக்கும் பிரிச்ச சரக்கு போகும். கடைக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சா அந்த ஒரு கடைக்கு மட்டும்தான் லாபம். மெயிலும் அப்படித்தான்.

தண்டர்பேர்டு மாதிரி மென்பொருளில் "இந்த ஆள் மெயில் வந்தா இந்த ஃபோல்டரில் போடு" என்று நாம எழுதுற விதி, அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கு. கம்ப்யூட்டர் அணைஞ்சு கிடந்தா விதி வேலை செய்யாது. ராத்திரி வர்ற அறுபது மெயிலும் உங்க போனில் பிரிக்காமத்தான் வந்து விழும். ஹார்டு டிஸ்க் போச்சுன்னா விதியும் அதோட போச்சு. சர்வரில் எழுதின விதி, மெயில் உங்க பெட்டிக்குள்ள விழுற நேரத்திலேயே ஓடும். போன், லேப்டாப், அலுவலகக் கம்ப்யூட்டர் எதில் திறந்தாலும் ஒரே மாதிரி பிரிஞ்சிருக்கும்.

இதுக்கென்றே ஒரு மொழி இருக்கு. பேரு சிவ். ஆங்கிலத்தில் அதுக்குச் சல்லடை என்றுதான் அர்த்தம். 2001 ஜனவரியில் ஆர்எஃப்சி 3028 என்ற ஆவணமாக வந்தது, 2008 ஜனவரியில் ஆர்எஃப்சி 5228 என்று திருத்தி வெளியிட்டாங்க. டவ்காட் மாதிரி மெயில் சர்வர்களில் இது ஓடுது. ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயிலில் "ஃபில்டர்ஸ்" பக்கத்தில் நீங்க டிக் அடிக்கிறதெல்லாம், பின்னாடி பெரும்பாலும் ஒரு சிவ் ஸ்கிரிப்டாகத்தான் மாறுது. ஜிமெயில் சிவ் பயன்படுத்துறதில்ல. ஆனா அதன் ஃபில்டரும் சர்வரிலேயே ஓடுறதுதான்.

சிவ் மொழியை வேணும்னே சின்னதா வச்சிருக்காங்க. அதில் லூப் கிடையாது, வெளி புரோகிராமைக் கூப்பிடவும் முடியாது. ஆயிரம் பேர் விதி எழுதுற சர்வரில் ஒருத்தர் எழுதின விதி மத்தவங்க மெயிலை முடக்கிடக் கூடாதுல்ல, அதுக்காகத்தான். இன்னொரு நல்ல பழக்கமும் அதுக்கு உண்டு: எந்த விதிக்கும் பொருந்தாத மெயிலை, அல்லது விதி ஓடும்போது பிழை வந்தா அந்த மெயிலை, இன்பாக்ஸில் போட்டுடும். சந்தேகம்னா தூக்கி எறியாதே, வச்சுக்கோ. அதனால நீங்களும் "அழி" என்ற கட்டளையைத் தொடாம இருங்க. அது சத்தமே இல்லாம மெயிலைத் தொலைச்சிடும். அதுக்குப் பதிலா "பிறகு பார்க்க" என்று ஒரு ஃபோல்டர் வச்சு அதில் போடுங்க.

விதிகள் மேலிருந்து கீழ் வரிசையா ஓடும். முதல் விதி "ஜிஎஸ்டி" ஃபோல்டரிலும் மூணாவது விதி "ஆடிட்டர்" ஃபோல்டரிலும் போடச் சொன்னா, ஒரே மெயில் ரெண்டு இடத்திலும் நிக்கும். வேண்டாம்னா முதல் விதியின் கடைசியில் "நிறுத்து" என்று சொல்லணும்.

தமிழ்ச் சொல்லை வச்சு விதி எழுதுறவங்க ஒண்ணு கவனிக்கணும். "கோயில்" என்பதில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, சல்லடைக்கு வேற வேற. ஆகவே முடிஞ்சவரை அனுப்புநர் முகவரியை வச்சு விதி எழுதுங்க.

முகவரிப் புத்தகம்

"டு" பெட்டியில் ரெண்டு எழுத்து அடிச்சதும் பேர் வருதுல்ல, அதைத்தான் நிறைய பேர் முகவரிப் புத்தகம்னு நினைக்கிறாங்க. அது பெரும்பாலும் மென்பொருள் தானா சேர்த்து வச்ச ஞாபகம். நீங்க ஒருதடவை பதில் போட்ட போலி முகவரியும் அதில் உட்கார்ந்திருக்கும்.

உண்மையான புத்தகம் சர்வரில் இருக்கலாம். அதை எல்லாக் கருவிக்கும் ஒத்திசைக்கிற முறைக்கு கார்டுடாவ் என்று பேரு. 2011-ல் ஆர்எஃப்சி 6352 ஆக வந்தது. ஒவ்வொரு ஆளும் அதில் ஒரு விகார்டு. ஒருத்தர் முகவரியைத் திருத்தினா அலுவலகத்தில் எல்லார் போனிலும் திருந்திடும்.

இங்கே நம்ம ஊர்ப் பேர் சிக்கல் ஒண்ணு இருக்கு. விகார்டில் குடும்பப் பேர், சொந்தப் பேர் என்று தனித்தனிக் கட்டங்கள். நமக்கு இருக்கிறது இனிஷியல். ஒருத்தர் அப்பா பேரைக் குடும்பப் பேர் கட்டத்தில் போடுவார், இன்னொருத்தர் இனிஷியலைப் போடுவார், மூணாமவர் விட்டுடுவார். ஒரே செல்வராஜ் மூணு இடத்தில் வருவார். முழுப் பேருக்கென்று தனிக் கட்டம் உண்டு, விகார்டில் அது கட்டாயம். அதில் எல்லாரும் ஒரே முறையில் எழுதணும் என்று முதல் நாளே முடிவு பண்ணிடுங்க.

ஆள் மாறினா என்ன ஆகும்?

2001-ல் மேலூர் தாலுகா கிராமங்களில் சாரி என்ற திட்டம் தொடங்குச்சு. சென்னை ஐஐடி, எம்ஐடி மீடியா லேப், ஹார்வர்டு, என்-லாக் நிறுவனம் எல்லாம் சேர்ந்தது. கோர்டெக்ட் வயர்லெஸ் வழியா கிராமத்துக் கியோஸ்க்குகளில் இணையம் வந்தது. அங்கிருந்து கண் படத்தை மெயிலில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டாங்க. சான்றிதழுக்கான மனுக்கள் தாலுகா அலுவலகத்துக்கு மெயிலில் போச்சு. ஆனா அரசு சேவைப் பகுதி நீடிக்கல. இதை ஆராய்ந்து 2006-ல் கட்டுரை எழுதின ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும், ஆதரவா இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதை ஒரு காரணமாகச் சொல்றாங்க.

காரணம் மெயில் சர்வர்தான்னு நான் சொல்ல வரல. ஆளை நம்பி நிக்கிற ஏற்பாடு ஆளோட போயிடும் என்பதுதான் பாடம். அதனால முகவரியை ஆள் பேரில் வைக்காம வேலையின் பேரில் வைங்க: கணக்கு, விற்பனை, புகார் என்று. 1997-லேயே ஆர்எஃப்சி 2142 இப்படிப் பொதுப் பேர்களைப் பட்டியல் போட்டிருக்கு. அந்தப் பெட்டிக்கு வர்ற மெயில் யாருக்குப் போகணும்னு சர்வரில் ஒரு விதி. ஆள் மாறினா விதியில் ஒரு வரி மாத்தினா போதும், வெளியில் இருக்கிற எந்த பார்ட்டியும் எதையும் மாத்த வேண்டாம்.

திருடனும் விதி எழுதுவான்

சர்வரில் இருக்கிற விதி கண்ணில் படாது. அதுதான் ஆபத்து. பாஸ்வேர்டைத் திருடினவன் உடனே பணத்தைக் கேட்க மாட்டான். உள்ள வந்து ஒரு ஃபில்டர் எழுதுவான்: "பில்", "பேமென்ட்" என்ற சொல் வந்தா ஒரு நகல் என் முகவரிக்கு அனுப்பு. இன்னொண்ணு: இந்த பார்ட்டியின் பதில் வந்தா யாரும் பார்க்காத ஃபோல்டரில் போடு. நாலு வாரம் பொறுமையா படிச்சுட்டு, சரியான பில் நம்பரோட, சரியான தொகையோட, "எங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சு" என்று எழுதுவான். அந்த பார்ட்டி சந்தேகப்பட்டுக் கேட்டாலும் அந்தக் கேள்வி உங்க கண்ணில் படாது.

பாஸ்வேர்டை மாத்திட்டோம்னு நிம்மதியா இருந்துடாதீங்க. பாஸ்வேர்டு மாறினாலும் ஃபில்டர் தானா அழியாது. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

இந்த வாரமே பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஃபில்டர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு விதியையும் வாசிங்க. யார் எழுதினது, எதுக்குன்னு சொல்ல முடியாத விதியைப் படம் எடுத்து வச்சுக்கிட்டு நீக்குங்க. ஃபார்வர்டிங் அமைப்பு தனிப் பக்கத்தில் இருக்கும், அதையும் பாருங்க. ரெண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்க. முகவரிப் புத்தகத்தை விகார்டு ஃபைலாக இறக்கி பத்திரப்படுத்துங்க. வங்கிக் கணக்கு மாறிடுச்சுன்னு மெயில் வந்தா, மெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்ல, உங்க புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்க. பணம் போயிட்டா தாமதிக்காம 1930-க்கு அடிங்க.

அடுத்த எபிசோடில் மெயில் பேக்கப் பத்திப் பேசலாம்.