நின்றால் உதறும் அம்பாசடர்

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்றதும் கியர் லீவர் ஆடும், கதவுகள் கடகடக்கும், இன்ஜின் இப்போதே அணைந்துவிடும் போலிருக்கும். பழைய பெட்ரோல் அம்பாசடரை ஆசையாக வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை இது. பலரும் உடனே ஸ்குரூடிரைவரோடு கார்பரேட்டரிடம் போகிறார்கள். அதுதான் கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன் இந்த உதறல்? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அந்த 1489 சிசி இன்ஜின், நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கும்போது நொடிக்கு 25 முறை வெடிக்க வேண்டும். அப்போது திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலும், அந்தக் கொஞ்சக் காற்றில் அது பெரும் பங்காகிவிடும். வேகமெடுத்தால் காற்று பெருகும். கசிவின் பங்கு சுருங்கிவிடும். அதனால்தான் ஓட்டத்தில் குறை மறைந்துகொள்கிறது.

முதலில் காதைக் கொடுங்கள். ஒரே தாளத்தில் மிஸ்ஸிங் வந்தால், பெரும்பாலும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இன்ஜின் ஓடும்போதே, ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் இன்ஜின் தடுமாறும். எதை எடுத்தும் மாற்றமில்லையோ, அதுவே நோயாளி.

அந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் மேலேறுகிறது. பக்கத்துச் சிலிண்டர் பிளக்கோடு இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் காரணம். மாறாவிட்டால் ஒயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். அவையும் சரியென்றால் கம்ப்ரஷனை அளக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

தாளமில்லாமல் உதறினால், நான்கு சிலிண்டருக்கும் பொதுவானவற்றைச் சோதியுங்கள்: டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி, கண்டன்சர், டைமிங். பாயின்ட் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அடுத்தது ஏர் லீக். மேனிஃபோல்டு கேஸ்கட், கார்பரேட்டரின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஐட்லிங் சட்டென மாறினால் கசிவு அங்கேதான். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்: இந்த இன்ஜினில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

இவை எல்லாம் சரியான பிறகு, இன்ஜின் நன்கு சூடான நிலையில் கார்பரேட்டர் திருகைத் தொடலாம். கசிவு இருக்கும்போதே அதைத் திருப்பினால், கூடுதல் பெட்ரோல் கசிவை மறைக்கும். மைலேஜ் குறையும், பிளக்கில் கரி படியும், ஒரு குறை இரண்டாகும். சீரான இன்ஜினுக்குச் சிறு திருப்பமே போதும். அதிகம் திருப்பினால்தான் அடங்குகிறது என்றால், முந்தைய படிகளில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள்.