விளக்கத்துக்கு அடங்காத துயரம்

காரணம் கேட்பது மெய்யியலாளரின் தொழில் என்றும், காரணம் கிட்டாத இடத்திலும் கடவுளைப் பற்றி நிற்பது சமய நம்பிக்கையாளரின் இயல்பு என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே வாழ்வில் சுமந்து, ஒன்றைக் காப்பாற்றுவதற்காக மற்றொன்றை மறைக்காமல் எழுதியவர்களுள் அமெரிக்க மெய்யியலாளர் நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃப் தனித்து நிற்கிறார். 1932-இல் மினசோட்டா மாநிலத்தின் பிகெலோ என்னும் சிற்றூரில், கால்வினிய நெறியைப் பின்பற்றிய டச்சு வழிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார்; தந்தை மரவேலையில் தேர்ந்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உறவினர்கள் ஒரு வீட்டில் கூடி, அன்று கேட்ட பிரசங்கத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசுவார்கள் என்றும், அந்த வாதங்களில் ஆண்களுக்குச் சளைக்காமல் பெண்களும் பேசுவார்கள் என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கடவுளை நம்புவதற்கும் கடவுளைப் பற்றி வாதிடுவதற்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவருக்கு ஒருபோதும் தோன்றாததன் வேர் அந்தக் கூடத்திலேயே இருந்தது எனலாம்.

மிச்சிகனில் உள்ள கால்வின் கல்லூரியில் ஹாரி ஜெல்லெமா என்னும் ஆசிரியரிடம் மெய்யியல் பயின்ற அவர், 1956-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1959 முதல் முப்பது ஆண்டுகள் கால்வின் கல்லூரியிலும், அதன்பின் ஓய்வு பெறும்வரை யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். கல்லூரித் தோழரான ஆல்வின் பிளான்டிங்காவும் அவரும் இணைந்து வளர்த்த கொள்கை ‘சீர்திருத்த அறிவாய்வியல்’ எனப்படுகிறது. அறிவாய்வியல் என்பது ஒன்றை அறிந்திருக்கிறோம் என்று எப்போது சொல்லலாம், ஒன்றை நம்புவது எப்போது தகும் என்று ஆராயும் மெய்யியல் துறை. போதிய சான்று இல்லாமல் கடவுளை நம்புவது அறிவுக்கு இழுக்கு என்ற வாதம், ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக்கின் காலத்திலிருந்து வலுப்பெற்று வந்தது. அதற்கு மறுமொழியாகக் கடவுள் இருப்பதை நிரூபிக்க இவர்கள் புறப்படவில்லை. எல்லா நம்பிக்கைக்கும் சான்று வேண்டும் என்ற அந்த விதியையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். காலையில் என்ன உண்டோம் என்பதை நினைவை நம்பியே சொல்கிறோம். எதிரில் நிற்பவருக்கும் நம்மைப் போன்ற மனம் உண்டு என்பதை எவரும் நிரூபித்துவிட்டு அவரோடு பேசத் தொடங்குவதில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மெய்யியலாளர் தாமஸ் ரீடைத் துணைக்கொண்டு, நம்பகத்தைக் குலைக்கும் காரணம் எழாதவரை நம்பிக்கை குற்றமற்றது என்று வோல்டர்ஸ்டார்ஃப் வாதிட்டார். இப்படியானால் எந்த மூடநம்பிக்கையும் தப்பித்துக்கொள்ளாதா என்ற எதிர்க்கேள்வி இன்றுவரை ஓயவில்லை. அது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியும் அன்று.

கற்பித்தலைப் பற்றிய அவருடைய சிந்தனை, பாடத்திட்டத்தோடு நின்றுவிடவில்லை. கிறித்தவக் கல்வியின் இலக்கைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட சொல், எபிரேய மொழியின் ‘ஷாலோம்’. தமிழ் விவிலியத்தில் ‘சமாதானம்’ என்று வழங்கும் இச்சொல், சண்டையின்மையை மட்டும் குறிப்பதன்று. கடவுளோடும் அயலாரோடும் இயற்கையோடும் தன்னோடும் சரியான உறவில் வாழ்ந்து, அந்த வாழ்வில் மகிழ்ச்சி காண்பதையும் குறிக்கும். இதை வகுப்பறையில் விரிவுரையால் மட்டும் புகட்டிவிட முடியாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். தாராளமாக இரு என்று சொல்லிவிட்டுத் தான் கருமியாக நடந்துகொள்ளும் பெரியவரிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது பேச்சையன்று, நடத்தையையே என்று காட்டும் உளவியல் ஆய்வுகளை 1980-இல் வெளிவந்த தம் கல்வி நூலில் எடுத்துக்காட்டி, ஒழுங்குமுறை, முன்மாதிரி, காரணம் கூறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே பண்பை உருவாக்கும் என்றார்.

ஆசிரியரான அவரை மாணவராக்கிய நிகழ்வு 1975-இல் தென்னாப்பிரிக்காவின் பொச்சஃப்ஸ்ட்ரூம் நகரில் நேர்ந்தது. கிறித்தவ உயர்கல்வி பற்றிய மாநாடு அது. இனஒதுக்கல் ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். கறுப்பின அறிஞர்கள் நீதி கேட்டபோது, அங்கிருந்த வெள்ளை ஆப்பிரிக்கானர்கள் தங்கள் இரக்கத்தைப் பட்டியலிட்டார்கள். வளர்ந்துவிட்ட தம் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடைகளை, வீட்டுக் கொல்லைப்புறத்தில் குடியிருந்த கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொடுத்ததையும், கிறிஸ்துமசுக்குச் சிறு பொருள்கள் பரிசளித்ததையும் சொன்னார்கள். தருமமே உரிமையை மறுப்பதற்குக் கருவியாகலாம் என்பதை அன்று கண்டதாக அவர் பிற்காலத்தில் பலமுறை எழுதினார். விவிலியம் திரும்பத் திரும்பச் சொல்லும் விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி, ஏழை என்னும் நால்வரின் பக்கம் நின்றே நீதியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடாயிற்று. 2008-இல் வெளியான நீதி பற்றிய பெருநூலில், மனித உரிமைக்குப் பகுத்தறிவை அடிப்படையாகக் கொண்டால் பச்சிளங்குழந்தையும் நினைவிழந்த முதியவரும் அந்தக் காப்புக்கு வெளியே நின்றுவிடுவர் என்று காட்டி, கடவுள் ஒவ்வொருவரையும் நேசிப்பதால் வரும் மதிப்பே உரிமையின் அடிப்படை என்று அவர் வாதிட்டார். கடவுளை ஏற்காதவருக்கு இவ்வாதத்தின் பின்பாதி பயன்படாது. முன்பாதி அவரையும் விடாது.

1983-ஆம் ஆண்டை அவர் வாழ்வின் மையம் எனலாம். பிளான்டிங்காவோடு இணைந்து பதிப்பித்த ‘நம்பிக்கையும் பகுத்தறிவும்’ என்னும் தொகுப்பும், நீதியும் சமாதானமும் தழுவும் நாளைப் பற்றிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தன. அதே ஆண்டு சூன் 11 அன்று, முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்த அவருடைய இருபத்தைந்து வயது மகன், ஆஸ்திரியாவின் கைசர் மலைத்தொடரில் தனியாக ஏறும்போது தவறி விழுந்து இறந்தான். அண்ணனோடு கோடையைக் கழிக்க இளைய மகனை விமானமேற்றி அனுப்பிய சற்று நேரத்தில், மறுநாளான வெயில் நிறைந்த ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்கு, வீட்டுத் தொலைபேசி ஒலித்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘மகனுக்கான புலம்பல்’ சிறு நூல். வாதங்களை அடுக்கிக் கட்டும் அவரது வழக்கமான நடை அதில் இல்லை. துண்டு துண்டான பத்திகளுக்கு இடையே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. உலகில் தீமை இருப்பதற்குக் கடவுள் தரப்பில் நியாயம் கற்பிக்கும் முயற்சியை இறையியலில் ‘இறைநீதி வாதம்’ என்பர். அதற்கு வேண்டிய தளவாடங்கள் அனைத்தையும் கையில் வைத்திருந்தவர், தம் மகனின் சாவுக்கு அதைப் பயன்படுத்த மறுத்தார். கடவுளே அவனை எடுத்துக்கொண்டார் என்பதையும், கடவுளால் தடுக்க இயலவில்லை என்பதையும் அவரால் ஏற்க முடியவில்லை. நம்பிக்கையைக் கைவிடவும் முடியவில்லை. ஆறுதல் சொல்ல வருபவர், இது அப்படியொன்றும் பெரிய இழப்பன்று என்று பேசாமல், துக்கப் பலகையில் பக்கத்தில் வந்து அமர்ந்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார். துட்டி கேட்கப் போய், வாய் திறவாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வரும் வழக்கமுள்ள ஊர்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இந்தத் துயரம் அவருடைய இறையியலையும் தொட்டது. கடவுள் மாறாதவர், ஆகவே துன்பத்தால் தீண்டப்படாதவர் என்பது திருச்சபையின் பழைய போதனை. 1988-இல் எழுதிய ‘துன்புறும் அன்பு’ என்னும் கட்டுரையில், கடவுளும் துன்புறுகிறார் என்று வாதிட்ட வோல்டர்ஸ்டார்ஃப், அதற்கு எதிர்த்தரப்பாக எடுத்துக்கொண்டது புனித அகுஸ்தீனை. 387-இல் தாய் மோனிக்கா இறந்தபோது கண்ணீரை அடக்கிக்கொண்ட அகுஸ்தீன், பிறகு தனிமையில் சிறிது நேரம் அழுததைத் தம் ‘அறிக்கைகள்’ நூலில் ஒரு குறையாகவே ஒப்புக்கொண்டு, அதற்காகத் தம்மை எள்ள வேண்டாம் என வாசகரிடம் வேண்டியிருந்தார். அகுஸ்தீனோடு வாதிட்ட இந்தப் பேராசிரியர், தம் கண்ணீரை நூலாக அச்சிட்டார். அதற்காக எவரிடமும் பொறுத்தருளக் கேட்கவில்லை.